தேயிலை மலையை மேசைக்குக் கொண்டுவருவது எப்படி? (28 மி.மீ. உருவங்கள், ரெஜிபோம், சாய்வு)

மஸ்கெலியா_மேகம்
ஞாயிறு, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். இங்கே நிறைய வாசித்திருக்கிறேன், எழுதுவது இன்றுதான் முதல் தடவை.

நானும் சித்தப்பா மகனும் 28 மி.மீ. உயர மனித உருவங்களை வைத்து மேசைப் போர் விளையாட்டு ஆடுகிறோம். விதிகளை நாங்களே எழுதிக்கொண்டோம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டி, சில நாளில் செத்துப்போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் ஆட்டம் அதிலிருந்து வந்தது. பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை மாட்டியிருக்கிறது. ஒரு பக்கம் வனவிலங்கு அதிகாரிகளும் தோட்டத்துப் பையன்களும், மறுபக்கம் சுருக்கு வைத்தவர்கள். பனி மூடுவதற்குள் யார் முதலில் அந்த இடத்துக்குப் போய்ச் சேருவது என்பதுதான் போட்டி.

பலகை 4 அடிக்கு 3 அடி. பழைய டிவி, பிரிட்ஜ் பெட்டிகளில் வந்த ரெஜிபோமை (தெர்மோகோல்) அடுக்கி ஒட்டி, கத்தியால் சீவிச் சாய்வாக்கினேன். பச்சை ஸ்ப்ரே அடித்ததும் மேல் அடுக்கு கண்முன்னே உருகிக் குழிகுழியாகிவிட்டது. மிஞ்சியதற்கு மேல் பச்சை ஸ்பொஞ்சைப் பிய்த்து ஒட்டினேன். இப்போது பார்த்தால் ஒரு பச்சைக் குன்று இருக்கிறது, அவ்வளவுதான். எந்த நாட்டுக் குன்று என்று சொல்ல முடியவில்லை. உருவங்களும் நிற்காமல் சறுக்கி விழுகின்றன.

வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே தேயிலை மலைதான். அதை ஏன் என்னால் செய்ய முடியவில்லை என்று புரியவில்லை. உதவி செய்யுங்கள்.


பலனக்_கணவாய்
ஞாயிறு, இரவு 9.25

வாங்க தம்பி. முதலில் உருகிய கதை. ஸ்ப்ரே பேணிக்குள் இருக்கும் கரைப்பான்தான் ரெஜிபோமைத் தின்றது. தின்னரும் பெற்றோலும் அப்படித்தான். செருப்புக்குப் போடும் மஞ்சள் கம்மும் அதே வேலையைச் செய்யும். பைண்டர் கம்மோடு (வெள்ளைப் பசை) ஏதாவது இமல்ஷன் பெயின்டைப் பாதிக்குப் பாதி கலந்து முழுப் பலகைக்கும் இரண்டு தடவை பூசுங்கள். ஓரம், அடிப்பக்கம், வெட்டிய இடம் ஒன்றையும் விடாதீர்கள். ஊசிமுனை அளவு இடம் விட்டாலும் ஸ்ப்ரே அதன் வழியாக உள்ளே போய்விடும். என்னைக் கேட்டால் மலைக்கு ஸ்ப்ரேயே வேண்டாம். தூரிகை போதும்.

சூடான கம்பியால் வெட்டுகிறீர்கள் என்றால் ஜன்னலைத் திறந்து வைத்து வெட்டுங்கள். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

சறுக்குவதற்கு உலகம் முழுக்கச் செய்வது படிக்கட்டு மலைதான். அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வொரு படியும் தட்டையாக. உருவங்கள் நன்றாக நிற்கும்.


சித்திர_சேர்
ஞாயிறு, இரவு 10.05

நிற்கும், ஆனால் பார்க்கக் கேக் மாதிரி இருக்கும். ஹட்டனில் 20 வருடமாகப் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். படிக்கட்டு மலையை என் கண் ஏற்பதில்லை. சாய்வு சாய்வாகவே இருக்கட்டும். உருவத்தின் அடித்தட்டில் காந்தம் ஒட்டி, சாய்வுக்குள் இரும்புத் தகட்டைப் புதைத்துவிடலாம்.


கொழுந்துக்கூடை
திங்கள், அதிகாலை 5.50

சேர், கோபிக்கக் கூடாது. நம்ம மலை படிக்கட்டுதான். அதுவும் மனிதர் வெட்டிய படிக்கட்டு.

நான் பிறந்து வளர்ந்தது தோட்டத்தில். அம்மா 30 வருடம் கொழுந்து எடுத்தவர். தம்பி மேகம், உங்கள் வீட்டு ஜன்னலில் தெரியும் மலையை ஒரு தடவை பச்சையை மறந்துவிட்டுப் பாருங்கள். கோடுதான் தெரியும். குறுக்கே ஓடும் நிரை. நிரைகளுக்கு நடுவே, சில நிரைக்கு ஒன்றாகக் குறுக்காக வெட்டிய கான், அதாவது வடிகால். அந்தக் கான்களின் தண்ணீரையெல்லாம் வாங்கி மேலிருந்து கீழே இறக்கும் பெரிய கான். ஆள் ஏறி இறங்கித் தேய்ந்த குறுக்குப்பாதை, கூடையோடு போகிறவர் திரும்பும் இடத்தில் கொஞ்சம் அகன்றிருக்கும். மண் இறங்கும் இடங்களில் கல்லுக்கட்டு. இவை எதுவும் தானாக முளைத்தவை அல்ல, ஒவ்வொன்றையும் ஒருவர் மண்வெட்டியால் வெட்டியிருக்கிறார். வெளிநாட்டு வீடியோவில் வரும் குன்றில் இந்தக் கோடுகள் இல்லை. உங்கள் பலகை வேற்றூர் மாதிரித் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

நிறத்தைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் பென்சிலால் கோடு போடுங்கள். கான் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் வழிகிறது என்று முடிவு செய்தால் மலையின் பாதி வேலை முடிந்தது.


மஸ்கெலியா_மேகம்
திங்கள், காலை 6.30

அக்கா, இப்போதுதான் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உண்மைதான். எதிர் மலையில் மட்டும் ஏழு கான் எண்ணினேன். இத்தனை வருடம் அது எனக்குத் தெரியவேயில்லை.

அப்படியென்றால் ஒவ்வொரு கானையும் உருவம் நிற்கும் இடமாக வைத்துக்கொள்ளலாமா?


கொழுந்துக்கூடை
திங்கள், இரவு 7.15

அதைத்தான் சொல்ல வந்தேன். கணக்கோடு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

28 மி.மீ. உருவத்தை 1:60 என்று வைப்போம். வீபீ தேயிலை (விதையில்லாமல் வெட்டுத்தண்டில் வளர்த்தது) நடுவது நிரைக்கு நிரை 4 அடி, நிரைக்குள் செடிக்குச் செடி 2 அடி. உங்கள் பலகையில் அது 20 மி.மீ., 10 மி.மீ. வாது (கிளை) ஒன்றோடொன்று சேர்ந்துவிடுவதால் ஒரு நிரை முழுக்க ஒரே வேலியாகத்தான் தெரியும். தனித்தனிச் செடியாகச் செய்யப் போனால் கை விட்டுப்போகும். பட்டையாகச் செய்யுங்கள்.

ஒரு பட்டி என்பது இப்படி. 60 மி.மீ. அகலத்துக்குச் சாய்வு, அதில் மூன்று நிரை. அந்த 60க்குள் உயரம் 50 மி.மீ. ஏறட்டும், ஏறத்தாழ 40 பாகை வரும். அதற்கு மேலே 30 மி.மீ. அகலத்துக்குத் தட்டை. அதுதான் கான் ஓரத்து நடை. 25 மி.மீ. அடித்தட்டு உள்ள உருவம் அதில் தாராளமாக நிற்கும். இப்படி ஆறு பட்டி அடுக்கினால் ஆழம் 54 செ.மீ., உயரம் 30 செ.மீ. மூன்று அடிப் பலகையில் மீதி இடம் ரோட்டுக்கும் லயத்துக்கும் (தொழிலாளர் வரிசை வீடு).

சேர் கவலைப்பட்ட கேக் இதில் தெரியாது. தட்டைக்கு முன்னால் நிற்கும் நிரை 14 மி.மீ. உயரம். கீழேயிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குத் தேயிலைதான் தெரியும், தட்டை அதற்குப் பின்னால் மறைந்துவிடும். மேலேயிருந்து பார்த்தால் மட்டும் படி தெரியும். அங்கே நிஜ மலையிலும் படிதான் தெரிகிறது.


சித்திர_சேர்
திங்கள், இரவு 8.00

ஒப்புக்கொள்கிறேன். இன்று பாடசாலை விட்டு வரும்போது பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். நீங்கள் சொல்வது சரி.


ஒன்பது_வளைவு
திங்கள், இரவு 9.10

பண்டாரவளையிலிருந்து. நான் ரயில்காரன், போர் விளையாட்டு தெரியாது. ஆனால் அளவுபற்றி ஒரு விஷயம் சொல்லலாம். இனிமேல் உருவம் வாங்கப்போகிறவர்களுக்குப் பயன்படும்.

நம்ம ரயில் பாதையின் அகலம் 1676 மி.மீ. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மாதிரித் தண்டவாளம் 16.5 மி.மீ. அதன்மேல் 1:76 அளவில் ரயில் செய்தால் பாதையின் அகலம் 1254 மி.மீ. என்றாகிறது. வண்டி அகலமாகவும் பாதை ஒடுக்கமாகவும் தெரியும், நம்ம ரயிலின் நிற்கும் வாகே போய்விடும். அதே தண்டவாளத்தை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் 1:100 ஆகச் செய்தால் 1650 வரும். 26 மி.மீ. வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. போர் விளையாட்டில் 15 மி.மீ. என்று விற்கும் உருவங்கள் ஏறத்தாழ இந்த 1:100 தான். கட்டட மாதிரி செய்கிறவர்களின் மரமும் இந்த அளவில் கிடைக்கும்.

எனக்கு இது எப்படிப் பிடிபட்டது என்றால், தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் செய்ய உட்கார்ந்தபோதுதான். 1921இல் முடித்த பாலம், இரும்பு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக நிற்கிறது. நீளம் 91 மீற்றர், உயரம் 24 மீற்றர். 1:100இல் 91 செ.மீ., 24 செ.மீ. ஒரு மேசையில் முழுப் பாலமும் அடங்கும், ஒரு வளைவைக்கூடக் குறைக்க வேண்டியதில்லை. 28 மி.மீ. உருவத்துக்குச் செய்தால் ஒன்றரை மீற்றர் வேண்டும்.

தம்பியிடம் உருவங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மாற்றச் சொல்லவில்லை. மலையகத்தைச் செய்ய நினைக்கிறவர்கள் 1:100ஐ ஒருமுறை யோசித்துப் பாருங்கள். நம்ம மலை பெரியது. சின்ன அளவில்தான் அதன் பெரிய தன்மை வெளியே வரும்.


பலனக்_கணவாய்
திங்கள், இரவு 9.45

இதற்கு நான் கைதூக்குகிறேன். என் மேசை 15 மி.மீ. தான். 1638 மார்ச் 28, கன்னொறுவை. போர்த்துக்கேயர் கண்டிக்குள் நுழைந்து, வெறும் நகரத்தைக் கண்டு, திரும்பி வரும் வழியில் இரண்டாம் இராஜசிங்கனின் படையிடம் அகப்பட்ட சண்டை.

இந்த இடத்தில் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். கண்டிப் போர்களுக்குப் பலகை செய்கிறவர்கள் தேயிலை வைக்காதீர்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். அதற்கு முன் கோப்பி, கோப்பிக்கு முன் காடு. ஆங்கிலேயரோடு நடந்த 1803 சண்டையோ 1818 ஊவாக் கிளர்ச்சியோ செய்தால் அடர்ந்த காடு, காட்டை எரித்துப் பயிரிடும் சேனை, ஊவாப் பக்கம் பத்தனைப் புல்வெளி, பள்ளத்தில் வயல் படிகள் இவைதான் வேண்டும். கித்துளும் கமுகும் பலாவும் வீட்டைச் சுற்றி. கணவாய் வாயில்களில் முள்வேலிக் கடவை. தேயிலை போட்ட மலையில் இராஜசிங்கன் படையை ஒரு பலகையில் பார்த்தேன், நல்ல கைவேலை, ஆனால் எனக்கு மனசு ஒட்டவேயில்லை.

தம்பியின் ஆட்டம் 2020. தேயிலை தாராளமாக இருக்கலாம்.


மஸ்கெலியா_மேகம்
புதன், இரவு 8.20

ஆறு பட்டியும் வெட்டி ஒட்டியாயிற்று. கான் கோடும் போட்டேன். உருவங்கள் அசையாமல் நிற்கின்றன. சித்தப்பா மகன் பலகையைக் கையில் தூக்கி ஆட்டிப் பார்த்தான், ஒன்றும் விழவில்லை!

இப்போது தேயிலை. ஒரு நிரை 4 அடி, 18 நிரை. 22 மீற்றர் வருகிறது. இதை எப்படிச் செய்வது?

இன்னொன்று, காய்ந்த தேயிலைச் சக்கையை மண்ணாகத் தூவலாம் என்று எங்கோ பார்த்தேன். போன மாதம் சின்னப் பலகையில் செய்தேன். பத்து நாளில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்துவிட்டது.


பனிமூட்டம்
புதன், இரவு 9.00

பூஞ்சணம் என்றதும் எட்டிப் பார்த்தேன். நுவரெலியாவில் இது எங்களுக்குத் தினமும் நடக்கும் சண்டை.

வெளியூர்க்காரர் எழுதும் குறிப்பில் "ஒரு இரவு காயவிடுங்கள்" என்று இருக்கும். 1868 மீற்றர் உயரத்தில், சராசரி 16 பாகைக் குளிரில், ஜூலை ஈரத்தில், ஒரு இரவில் எதுவும் காயாது. தடிப்பாகப் போட்ட பைண்டர் கம் என் வீட்டில் நான்கு நாள் பால் மாதிரி இருந்திருக்கிறது. ஆகவே மெல்லியதாகப் பூசுங்கள், பல தடவை பூசுங்கள். நான் பெரிய காட்போட் பெட்டிக்குள் பழைய காலத்து 40 வோட் குமிழ் ஒன்றைத் தொங்கவிட்டு, மேலே ஓட்டை போட்டுக் காயவைக்கிறேன். குமிழுக்கும் ரெஜிபோமுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் பலகை இளகும். பக்கத்தில் ஆள் இல்லாமல் எரியவிடக் கூடாது. அடுப்படியில் வைக்கிற வேலையும் வேண்டாம்.

சக்கையை வெயிலில் மட்டும் காயவைத்தால் போதாது. வெறும் சட்டியில் போட்டு, நுனிவிரலால் நசுக்கினால் பொடியாகும்வரை வறுக்க வேண்டும். வறுத்த பிறகு ஆறவிட்டு, போத்தலில் மூடி வையுங்கள். பாலும் சீனியும் கலந்த தேத்தண்ணீரின் சக்கையைத் தொடவே வேண்டாம், பூஞ்சணத்துக்கு அதுதான் விருந்து. தூவிய பிறகு தண்ணீர் கலந்த கம்மில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுத் தெளியுங்கள். திரண்டு நிற்காமல் ஊறி இறங்கும்.

மரப் பலகையின் ஒரு பக்கம் மட்டும் கம் பூசினால் அது வளையும். அடிப்பக்கமும் ஒரு கை பூசுங்கள். நான் இரண்டு பலகையை இழந்த பிறகுதான் இதைக் கற்றேன்.

இங்கே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை மஸ்கெலியா, ஹட்டன், வட்டவளைப் பக்கம் மழை கொட்டும்போது பண்டாரவளையில் காற்றடித்துக் காய்ந்துகொண்டிருக்கும். ஒன்பது_வளைவு அண்ணன் சொல்லும் காயும் நேரத்தை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.


கொழுந்துக்கூடை
புதன், இரவு 9.50

தேயிலை நிரைக்கு நான் செய்யும் வழி.

குஷன் தைக்கும் கடையில் கழிவு ஸ்பொஞ்ச் கேட்டால் கொடுப்பார்கள். 14 மி.மீ. தடிப்பில், 15 மி.மீ. அகலத்தில் நீளப் பட்டைகளாக வெட்டுங்கள். இனி எல்லாம் சின்னக் கத்தரிக்கோல் வேலை. பட்டையின் மேல்பக்கத்தைத் தொடக் கூடாது. கொழுந்து எடுக்கிறவர்கள் மட்டக்கம்பு வைத்துச் சமமாக்கிய மேசை அது, தட்டையாகவே இருக்க வேண்டும். பக்கங்களையும் அடியையும் மட்டும் கடித்தது மாதிரி சின்னச் சின்னதாக நறுக்கி எடுங்கள். அடிப்பக்கம் மேலைவிடக் குறுகி வரவேண்டும். அடியில் தேங்காய்த் தும்பை நாலைந்து இழையாக ஒட்டினால் தூர் வந்துவிடும். 10 மி.மீ.க்கு ஒரு இடத்தில் மேலே லேசாக ஒரு வெட்டுப் போட்டால் செடிக்குச் செடி பிரிவது தெரியும்.

நிறம் இரண்டு தடவை. முதலில் பட்டை முழுவதையும் கரும்பச்சையில் முக்கிப் பிழியுங்கள். நீங்கள் நினைப்பதைவிடக் கறுப்பு அதிகம் வேண்டும். முதிர்ந்த தேயிலை இலை அவ்வளவு இருட்டு. நன்றாகக் காய்ந்ததும், மஞ்சள் கூடிய இளம்பச்சையை வேறொரு ஸ்பொஞ்சில் தொட்டு, பழைய பேப்பரில் ஒற்றி, மீதி இருப்பதைப் பட்டையின் தட்டையான மேல்பக்கத்தில் மட்டும் தட்டுங்கள். அதுதான் கொழுந்து. பக்கங்களில் இளம்பச்சை பட்டால் பூங்காவில் வெட்டிவிட்ட வேலி மாதிரி ஆகிவிடும்.

எல்லா நிரையையும் ஒரே மாதிரி செய்யாதீர்கள். கொழுந்து எடுத்த மலை கரும்பச்சை, எடுக்காத மலை இளம்பச்சை. முடிந்தால் ஒரு பட்டியைக் கவ்வாத்து மலையாக (செடிகளைக் கட்டையாக வெட்டிவிட்ட மலை) விடுங்கள். களையோடு பிடுங்கிய மெல்லிய வேர்களைக் காயவைத்து, தலைகீழாக, 9 மி.மீ. உயரத்தில் நட்டால் வெட்டிய வாது அப்படியே வரும். அதன் நுனிகளில் சாம்பல் வெள்ளையை லேசாகத் தொடுங்கள். சிறுத்தை மறைய இடமில்லாத பட்டி அதுதான், உங்கள் ஆட்டத்துக்கும் நல்லது.


மஸ்கெலியா_மேகம்
வியாழன், இரவு 7.40

கவ்வாத்து மலை! அதை ஆட்டத்தில் திறந்த வெளியாக வைக்கிறோம். தேயிலைக்குள் குறுக்கே போனால் பாதி வேகம், கான் வழியாகப் போனால் முழு வேகம் என்று விதி எழுதிவிட்டேன்.

இன்னும் இரண்டு கேள்வி. மாணாப் புல்லுக்கு, நுளம்பு அடிக்கும் மின்சார மட்டையைக் கழற்றி மின்சாரப் புல் தூவி (பொய்ப்புல்லை நிமிர்ந்து நிற்கவைக்கும் கருவி) செய்யலாமா? மழைச் சீட்டு எடுத்தால் மண் சரிவு வந்து ஒரு பட்டி மூடிப்போகும் என்று ஒரு விதி யோசித்தோம், அது எப்படி?


பலனக்_கணவாய்
வியாழன், இரவு 8.10

செய்யலாம், நானே செய்து வைத்திருக்கிறேன். ஆனால் மட்டையை அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். கம்பிகளைக் காப்பிட்ட ஸ்குரூ ட்ரைவரால் தொட்டு இறக்காமல் கை வைத்தால் நன்றாக அடிக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேண்டாம். மாணாவுக்கு அது தேவையும் இல்லை. மாணா குத்தாக வளரும் புல், தரையெல்லாம் பரவும் புல் அல்ல. பழைய பெயின்ட் தூரிகையின் மயிரைச் சின்னச் சின்னக் கட்டாகக் கம்மில் முக்கி நட்டு, நுனியை வைக்கோல் நிறமாக்குங்கள். ரோட்டோரத்தில் நாலு குத்து போதும்.

கல்லுக்கு பைனஸ் மரப்பட்டை. கீழே விழுந்து கிடப்பதைப் பொறுக்கி, சூட்டில் வைத்துப் பூச்சியைப் போக்கிவிட்டு ஒட்டுங்கள். அடுக்கடுக்காகப் பிளக்கும், நம்ம மலைப் பாறை மாதிரியே. கறுப்பு பூசி, மேலாக சாம்பல் தடவினால் சரி.


கொழுந்துக்கூடை
வியாழன், இரவு 9.30

மண் சரிவு விதியை விட்டுவிடுங்கள் தம்பி. மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போனபோது எங்களுக்குத் தெரிந்த குடும்பம் அங்கே இருந்தது. சீட்டு எடுத்தால் வருகிற விஷயமாக அதை மேசையில் பார்க்க என்னால் முடியாது. உங்கள் விளையாட்டு நல்ல விளையாட்டு, அதற்கு அது தேவையில்லை.


மஸ்கெலியா_மேகம்
வியாழன், இரவு 9.42

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. எடுத்துவிட்டோம். மழைச் சீட்டு வந்தால் கானில் தண்ணீர் ஓடும், அந்தச் சுற்றில் கான் வழியாகவும் பாதி வேகம். அவ்வளவுதான்.


சித்திர_சேர்
வெள்ளி, மாலை 6.15

மேகத்துக்கு நிறம்பற்றிக் கொஞ்சம். பலகையின் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு மூன்று அடிதான். ஆனால் கண்ணுக்கு அது அரை மைல் மாதிரித் தெரியவேண்டும். கடைசி இரண்டு பட்டிகளின் பச்சையில் நீலம் கலந்த சாம்பலை ஒரு கரண்டி சேருங்கள். பின்னால் போகப்போக இருட்டும் குறைய வேண்டும், வெளிச்சமும் குறைய வேண்டும், எல்லாம் நடுவில் வந்து சேர வேண்டும். எங்கள் ஊரில் மாலை நான்கு மணிக்கு எதிர்மலை அப்படித்தான் இருக்கும்.

மண்ணுக்கு வெறும் மண்ணிறம் போடாதீர்கள். ரோடு வெட்டிய இடத்தில் பாருங்கள், செம்மஞ்சள் கலந்த சிவப்பு. நிரைக்கு அடியில் மட்டும் கறுத்திருக்கும், சருகு மக்கிய நிறம். பனிமூட்டம் சொன்ன வறுத்த சக்கையை அங்கே மட்டும் தூவுங்கள்.

கிரவீலியா மரம் வைப்பதென்றால் உயரத்தைக் குறைக்கத்தான் வேண்டும். நிஜ மரம் 18 மீற்றர் என்றால் உங்கள் அளவில் 30 செ.மீ., மலை அளவுக்கே நிற்கும். 18 செ.மீ. போதும். நேரான குச்சி, பக்கக் கிளைகள் வெட்டிய தழும்பு, உச்சியில் மட்டும் இலை. இலையின் அடிப்பக்கம் வெள்ளி நிறம், கீழிருந்து பார்க்கும் ஓரிரு இடத்தில் அதைத் தொட்டுவிடுங்கள்.


மஸ்கெலியா_மேகம்
அடுத்த புதன், இரவு 9.15

22 மீற்றர் தேயிலையும் முடிந்தது! வீட்டில் எல்லாரும் சேர்ந்து வெட்டினோம். அம்மா மட்டும் தனியாக ஆறு நிரை. மேல்பக்கம் தட்டையாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் கொடுத்தார்.

இப்போது லயம். அம்மாயி (அம்மாவின் அம்மா) இருந்த லயம், ஆறு காம்பரா (அறை), ஒற்றை வரிசை. காம்பரா 10 அடிக்கு 12 அடி என்று அம்மா சொன்னார். 1:60இல் 5.1க்கு 6.1 செ.மீ. ஆறு காம்பரா 31 செ.மீ. தானா என்று இரண்டு தடவை கணக்குப் பார்த்தேன். அதில் ஒரு காம்பராவில் ஏழு பேர் இருந்திருக்கிறார்கள். அடித்தட்டோடு ஏழு உருவங்களை உள்ளே வைத்துப் பார்த்தேன், நான்குக்கு மேல் அடங்கவில்லை.

தகரம் எப்படிச் செய்வது? காட்போட்டின் உள்மடிப்பு ரொம்பப் பெரிதாக இருக்கிறது.


ஒன்பது_வளைவு
அடுத்த புதன், இரவு 10.00

பேன் சீப்பு. சாப்பாடு கட்டும் தடித்த ஃபொயில் தட்டை வெட்டி, பேன் சீப்பின் பல்மேல் வைத்து, பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு இடுக்கிலும் மெதுவாக இழுங்கள். நிஜத் தகரத்தில் ஒரு மடிப்பு 3 அங்குலம், உங்கள் அளவில் ஒன்றேகால் மி.மீ. சீப்பு அதற்குக் கிட்ட வரும். முழுக் கூரையையும் ஒரே தகடாகப் போடாதீர்கள். தகரம் தகரமாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுங்கள். துருவுக்குச் செங்கல்லைத் தேய்த்த பொடி. ஆணி அடித்த வரிசையிலிருந்து கீழ்நோக்கித்தான் துரு வழியும்.

கூரைமேல் கல் வையுங்கள். காற்றுக்குத் தூக்காமல் இருக்க வைக்கும் கல், பழைய டயர், இவை இல்லாத லயக் கூரை நான் பார்த்ததில்லை.


கொழுந்துக்கூடை
அடுத்த புதன், இரவு 10.20

சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை, கீழே ஒரு முழத்துக்கு மழைத்தண்ணீர் தெறித்த செம்மண் கறை. இஸ்தோப்பின் (முன் திண்ணை) கூரை அடியில், அடுப்பு இருக்கும் பக்கம் மட்டும், காய்ந்த தூரிகையால் கரித்தூள். கதவு ஒவ்வொன்றும் வேறு நிறம். ஒரு வீட்டு வாசலில் வாளி, ஒரு வீட்டில் ரோஜாச் செடி.


மஸ்கெலியா_மேகம்
ஞாயிறு, இரவு 8.05

இன்று அம்மாயியைக் கூட்டிவந்து காட்டினோம். 81 வயது, கண் கொஞ்சம் மங்கல். நாற்காலியை இழுத்துப் போட்டு, முகத்தைப் பலகைக்குக் கிட்டக் கொண்டுபோய், நெடுநேரம் பேசவில்லை. பிறகு மூன்றாவது கானைத் தொட்டு, "இதுல தான் நான் விழுந்து கை ஒடஞ்சது" என்றார். அது அந்த மலை இல்லை, நான் எதிர்மலையைப் பார்த்துச் செய்தது. நான் திருத்தவில்லை.

லயத்தின் ஓரத்தில் விரலை வைத்து, "பீலி எங்க?" என்று கேட்டார். பீலியை நான் நினைக்கவேயில்லை. குளிக்க, துவைக்க, தண்ணீர் எடுக்க எல்லாம் அங்கேதானாம். லயத்துக்கு மேல்பக்கம், கல்லுக்கு நடுவில் இருந்து மூங்கில் வழியாகத் தண்ணீர் விழும் என்றார். இடத்தையும் காட்டிவிட்டார், இரண்டாவது பட்டி ரோட்டைத் தொடும் மூலை.

விழுகிற தண்ணீரை எப்படிச் செய்வது? அடுத்த ஞாயிறு திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறார்.


பனிமூட்டம்
ஞாயிறு, இரவு 8.50

ஒரு வாரம் போதும், இன்று இரவே தொடங்குங்கள். ஈர்க்கு ஒன்றைப் பாதியாகப் பிளந்து 3 செ.மீ. எடுங்கள், அது மூங்கில் பீலி. மெல்லிய தூண்டில் நரம்பு ஆறேழு இழை. ஒரு முனையைப் பீலியின் வாயில் ஒட்டி, மறுமுனையைக் கீழே கல்லில் ஒட்டுங்கள். நேராக இழுக்காதீர்கள், கொஞ்சம் முன்னால் வளைந்து விழவேண்டும். நரம்பின்மேல் மினுக்கு வார்னிஷைத் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டு வையுங்கள். அந்த வார்னிஷ் தண்ணீரில் கரைகிற வகையாக இருக்கட்டும், மற்றது ரெஜிபோமைத் தின்னும். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் காயட்டும், நான்கு தடவை வேண்டும்.

தண்ணீர் விழும் கல்லைக் கறுப்பாக்கி, மேலே மினுக்கு. பக்கத்தில் பாசிக்குக் கரும்பச்சை. துவைக்கும் கல் ஒன்று, தட்டையாக, சாய்வாக. அதன் நடுப்பகுதி மட்டும் வெளிறியிருக்கட்டும்.


கொழுந்துக்கூடை
ஞாயிறு, இரவு 9.05

பீலியிலிருந்து வழியும் தண்ணீர் எங்கே போகும் என்று அம்மாயியிடம் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி. எங்கள் லயத்தில் அது நேரே கீழேயிருந்த கீரைப்பாத்திக்குப் போனது.